குடி நீக்கி

என் வேலை கோல் பிடிப்பது.
முனையில் கண்ணாடி பதித்த கோல்.
முக்காலிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
"சிக்கிட் கிரி" என்பார் ஊய் சார்.
சற்றே இடப்பக்கம் நகர்வேன்.
அவ்வளவுதான், நின்ற இடம் ஓர் எண்ணாகிவிடும்.

பீடோங்கிலிருந்து ஏழாங்கட்டை.
பால்மரம் போய்ச் செம்பனை வந்து
செம்பனையும் இப்போது போகிறது.
விற்றது யார், வாங்கியது யார், எனக்குத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை என்றால் இரட்டைக் கூலி,
அது தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து எடுப்பேன்,
சாம்பார்க் கறை படிந்த ஜெராக்ஸ் தாள்கள்:
ஒரு செப்பேட்டின் வாசகம்.
கடாரத்து அரசன் கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்தில்
விகாரம் எடுக்க,
சோழன் அதற்கு ஓர் ஊரையே எழுதிவைத்தான்.
கடாரம் என்பது இதுதானாம்.
இந்த ஈரம், இந்தக் கொசு,
அதோ, மேகத்துண்டு கட்டிய ஜெராய்.

எனக்குப் பிடித்தது அவர்கள் அளந்த விதம்.
ஒரு பெண்யானையை நடக்கவிட்டு
பின்னாலேயே நாட்டார் நடந்து
அது போன வழியெல்லாம்
கல்லும் கள்ளியும் நட்டிருக்கிறார்கள்.
யானைக்குச் "சிக்கிட் கிரி" சொன்னவன் யார்?
சாணமிட அது ஒதுங்கிய இடத்தில்
எல்லையும் ஒரு முழம் ஒதுங்கியதா?
ஏட்டில் இல்லை.

ஏட்டில் இருப்பவை வேறு.
மேல்நோக்கின மரம். கீழ்நோக்கின கிணறு.
உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடம் எல்லாம்.
வண்ணான் துவைக்கும் பாறைக்கு ஒன்று,
தறிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒரு காணம்.
யாரோ ஒரு கணக்கன்
கொல்லை கொல்லையாகக் குனிந்து பார்த்திருக்கிறான்.
எங்கள் அளவைப் புத்தகத்தில்
உடும்புக்குக் கட்டம் கிடையாது.

திங்கட்கிழமை லயத்தை அளந்தோம்.
நாசி லெமாக் விற்கும் பரிபூரணம் டீ கொடுத்தார்.
"கோடு எங்க விழுது, தங்கச்சி?"

அவர் அடுப்படியில் விழுந்தது.
கல் இறங்கவேண்டிய புள்ளியில்
பெயிண்ட் வாளியில் ஒரு மிளகாய்ச் செடி.
சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு
முதலில் டீ குடிப்போம் என்றான் ஃபைசால்.

பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார்:
தண்ணீர் பில்கள், அப்பாவின் சிவப்பு ஐ.சி.,
கிராணி கையெழுத்துப் போட்ட செக்ரோல் துண்டு.
"இதெல்லாம் செல்லுமா?"

யானை நடந்திருந்தால் செல்லும்
என்று சொல்ல நாக்கு வந்தது.
சொல்லவில்லை. பதிலுக்கு,
கொஞ்சம் பெருமையாவது இருக்கட்டும் என்று
தாள்களை விரித்தேன்.
இங்கே ஆண்ட ராஜாவுக்காக,
நம்ம தமிழ்ல, செம்புல, அக்கா.

கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"அந்த ஊர்ல முன்னாடியே இருந்தவங்க?"

அதை நான் பார்த்திருக்கவில்லை.

அன்றிரவு சுங்கைப்பட்டாணி வாடகை அறையில்
பின்பக்கத்துக் குறிப்புகள் வரை புரட்டினேன்.
அந்தக் காலச் சாசனங்களில் சகஜமாக வருமாம்:
முன்னுடையாரை மாற்றி,
பழம்பெயர் தவிர்ந்து,
குடி நீக்கி.

எந்தக் குடி, எத்தனை அடுப்பு,
போகும்போது எதைத் தூக்கிக்கொண்டார்கள்,
ஒரு சொல் இல்லை.
ஆமைக்குக் கிடைத்த இடம்கூட
அவர்களுக்குச் செம்பில் கிடைக்கவில்லை.
கணக்கன் அங்கேயும் குனிந்து பார்த்திருப்பான்.
டீயும் குடித்திருப்பான்.

மறுநாள் வாளியை நகர்த்திக் கல் நட்டோம்.
மூன்றே அடி. ஃபைசால் பேசவில்லை.
அப்போது பனங்காட்டுக் கால்வாயிலிருந்து
ஒரு பெரிய உடும்பு,
வாலை இழுத்துக்கொண்டு கோட்டைக் கடந்து
அடுப்படி வழியாகப் பின்பக்கம் போனது.
ஊய் சார் சிரித்தார்.

புத்தகத்தில் குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது.
தமிழில் எழுதினேன்:
உடும்பு ஓடியது.
பரிபூரணம் குடியிருக்கிறார். அடுப்பு ஒன்று. செடி ஒன்று.

"என்ன இது?" என்றார்.
எல்லைக் குறிப்பு என்றேன்.
அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
தேதியைச் சரிபார்த்து
அதன் கீழே கையெழுத்திட்டார்.