வேலி அணைந்திருந்த நேரம்

நொடிக்கொரு டக்.
ஹெட்போனுக்குள் அது வியாழன் இல்லை,
போஜன் அண்ணனின் கேரட் தோட்டத்து மின்வேலி.

எக்ஸ்சேஞ்சில் கழித்துப்போட்ட செம்புக்கம்பியை
இரண்டு சில்வர் ஓக்குக்கு நடுவே ஏழு மீட்டர் கட்டியிருக்கிறேன்.
இருபது மெகாஹெர்ட்ஸில் நெடுகுளா முழுக்கப் பேசுகிறது:
டீ ஃபாக்டரி மோட்டார், யாரோ சார்ஜில் போட்ட போன்,
எல்லாவற்றுக்கும் மேலே இந்த டக்.

பதினொன்றே காலுக்கு அயோ கோணத்துக்கு வரும்
என்றது கணக்கு.
அந்த நிலவின் எரிமலைப் புகையில் பிய்ந்த எலக்ட்ரான்கள்
காந்தக் கோடுகளில் சுருண்டு சுருண்டு
வியாழனின் துருவத்தில் விழும்.
அங்கே ஒரு ஒளிவளையம்.
அதற்குச் சற்று மேலே, யாரையும் கூப்பிடாத ஓர் இரைச்சல்.
மூடுபனி அதற்கு ஒரு பொருட்டில்லை. வேலிதான்.

பத்தரை தாண்டிக் கதவைத் தட்டினேன்.
"ஒரு மணி நேரம் வேலியை அணைக்க முடியுமாண்ணா?
வியாழனைக் கேட்கணும்."
"இன்னிக்குச் செவ்வாயாச்சே."
"கிரகம்ணா. அயோன்னு அதுக்கு ஒரு நிலா."
"ஐயோவா?"
உள்ளிருந்து சுமித்ரா அக்கா:
"குருவா? எங்க ராசிக்கு எப்படியாம்?"
தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.
நாங்கள் வாசலில் நின்று பேசிய அதே நிமிடத்தில்
அந்த அலை அங்கிருந்து கிளம்பியிருக்கும்.
வழி நாற்பது நிமிடம்.

மஃப்ளரை இறுக்கிக்கொண்டு பாட்டரி கிளிப்பைக் கழற்றினார்.
டக் நின்றது.
வெகுநேரம் வெறும் சலசலப்பு.
பிறகு, கடலே இல்லாத நெடுகுளாவில்
ஓர் அலை எழுந்து, கரை தேடி, அடங்கியது.
இன்னொன்று.
அப்புறம் தகரக் கூரைமேல்
கை நிறைய ஜல்லியை யாரோ எறிந்தாற்போல்
படபடபட.

போஜன் அண்ணனுக்கு ஒரு காதைக் கொடுத்தேன்.
"கல்லெறியறாங்க," என்றார். "யார் மேல?"
பதில் சொல்லும்முன் அவருடைய மற்ற காது கேட்டுவிட்டது.
"மாடு."
ஏழு காட்டெருமைகள், இருட்டைவிடக் கருப்பாக,
கேரட்டைக் கடிக்கும் சத்தம்
அத்தனை பக்கத்தில்.

காலையில் உறைபனிமேல் குளம்புகள்.
நாற்பது கிலோ போயிருந்தது.
குரு பார்க்கக் கோடி நன்மை;
கேட்பதற்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.
எண்ணிப் பார்த்து இருநூறைத் திருப்பித் தந்தார்:
"நானும் கொஞ்சம் கேட்டேன்ல."

பதிவை இன்று மறுபடி ஓட்டினேன்.
பத்தொன்பதாவது நிமிடத்தில் டக் திரும்புகிறது,
மாடுகளை விரட்டிவிட்டு அவர் கிளிப்பை மாட்டிய நொடி.
அதற்குப் பிறகும் வியாழன் நிற்கவில்லை.
டக்குக்கும் டக்குக்கும் நடுவே
தாராளமாக இடம் இருக்கிறது,
ஜல்லி தெளிவாக விழுகிறது.

வேலியை அணைத்திருக்கவே வேண்டாம்.
போஜன் அண்ணனிடம் இதை
இன்னும் சொல்லவில்லை.