எண் இல்லாத சட்டை

டெல்ஃப்ஸைல் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் மைதானம்.
கடற்காற்று அங்கே
ஆண்டுச் சந்தா கட்டி வைத்திருக்கிறது.
பத்தொன்பது வருடமாய்ச் சட்டை துவைப்பவள் நான்.
ஏல்கோ ப்ராண்ட்ஸ்மாவை
முகத்தைவிட முதுகில் அறிவேன்.

ஆறாம் எண்ணோடு வந்தான், நடுக்களத்துக்கு.
அக்டோபரில் இடது தடுப்பாட்டக்காரனுக்கு முழங்கால் போக,
ஐந்து.
பனி உருகுமுன் இரண்டு.
வலது ஓரத்தில் ஓடியவன் ரோட்டர்டாமுக்கு விலைபோனதும்
ஏழு.
கோல்கீப்பர் சிவப்பு அட்டை வாங்கிய ஒரு மழைநாளில்
தோள் தொங்கும் ஒன்றாம் சட்டை;
இருபது நிமிடம், இரண்டு கோல் விட்டான்,
மூன்றாவதைப் பல்லால் தடுத்தான்.
பத்தை மட்டும் யாரும் தரவில்லை.
அவனும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்ப்பான்:
"ட்ரைன்ட்யே, நாளைக்கு நான் யார்?"
சிரித்துக்கொண்டுதான் கேட்பான்.
கொடியில் சொட்டும் எண்ணைக் காட்டுவேன்.

தண்ணீர் மாதிரி என்று எழுதியது உள்ளூர்ச் செய்தித்தாள்,
எந்தப் பாத்திரத்திலும் நிறைபவனாம்.
பாராட்டுதான்.
ஆனால் இது கடலுக்கு அணை கட்டிப் பிழைக்கும் ஊர்.
தண்ணீரை எங்கே விடக்கூடாது
என்றுதான் நாங்கள் முதலில் யோசிப்போம்.

முப்பத்தைந்தில் இடுப்பு கைவிட்டது.
பயிற்சியாளர் ஆனான்.
கறுப்பு மேலங்கி, நெஞ்சில் பெயரின் முதலெழுத்துகள்,
முதுகு வெறுமை.
இப்போது வெள்ளிக்கிழமை அவன் தாள் நீட்டுகிறான்,
நான் அடுக்குகிறேன்.
பதினொரு பையன்கள், ஆளுக்கோர் இடம்.
யாரையும் நகர்த்தமாட்டான்.
தோற்றோம், வரிசையாக ஐந்து ஆட்டம்.
பொருளாளர் ஹோய்ட்சிங் கணக்கேட்டோடு வந்து கத்தினார்:
"நீயே ஐந்து இடத்தில் ஆடியவன்தானே!"
"அதனால்தான்" என்றான்.
கையிலிருந்த காபியில் ஆடை படிந்திருந்தது.

போன சனிக்கிழமை, எண்பத்தெட்டாவது நிமிடம்.
மாற்று ஆட்டக்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள்,
இடது பக்கம் நொண்டுகிறான் எங்கள் ஐந்து.
எதிரணி ஓரக்காரன் பந்தோடு பாய,
வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்
அவனுக்கு இணையாக ஏல்கோவும் ஓடினான்,
நாற்பத்தொரு வயது, கெட்ட இடுப்பு,
ஓடி,
கால் நீட்டிச் சறுக்கி விழுந்தான்.
அங்கே பந்தே இல்லை.
கூட்டம் சிரித்தது. நானும்தான்.
கோல் விழுந்ததை அப்புறம்தான் கவனித்தோம்.

திங்கட்கிழமை அவன் கால்சட்டையில்
தொடை நீளத்துக்குப் புல்கறை.
அறுபது டிகிரியிலும் போகவில்லை.
இன்னொரு முறை போட்டிருந்தால் போயிருக்கும்.
மடித்து வைத்துவிட்டேன்.