பதினேழு வேகத்தடை

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை வாசலிலிருந்து
பைபாஸ் ஏறும்வரை பதினேழு வேகத்தடை.
ஏகாம்பரம் பள்ளிக்கூட ஸ்கேலால் ஒவ்வொன்றாய் அளந்துவந்தார்.
"மஞ்சளுக்கு வயிறு தேயும் மேடம்.
நீலம் ஏறி எறங்கிடும்."

நீலத்தில் உட்கார்ந்து
இருக்கையைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
கன்றுத்தோல். பதம் சரி, சாயம் சரி,
முப்பது வருஷக் கைக்கு ஒரு குறையும் சிக்கவில்லை.
சென்னைவரை தூங்கிக்கொண்டே போகலாம்;
பேங்க் மேனேஜரும் அதையே சொன்னார்.

மஞ்சளில் இருக்கை வெறும் கல்.
பொத்தானை அமுக்கியதும்
முதுகுக்குப் பின்னால் யாரோ கதவை உடைத்தார்கள்.
பாலாற்று மணலிலிருந்து
அத்தனை காக்கையும் எழுந்தது.

வயது ஐம்பத்திரண்டு.
இரண்டு டிஸ்க் விலகியிருக்கிறது.
சிஎம்சி டாக்டரிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

நகராட்சிக்கு ஒரு மனு
தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறேன்,
வேகத்தடைகளின் உயரம் தொடர்பாக.