சுமைகூலி

மூன்று வருடமாய் இந்தக் கட்டிடத்தின்
முதுகை மட்டுமே எனக்குத் தெரியும்:
எண்ணெய் வழியும் புகைபோக்கி,
ஈரச் சாக்கு, சிலிண்டர் கூண்டு,
எலிக்கு வைத்த பசை அட்டை.
முகமும் இருக்கிறதென்று
இன்றுதான் பார்க்கிறேன்.

மஞ்சள் விளக்கு. பெங்களூர் நம்பர் கார்கள்.
காருக்கும் கதவுக்கும் நடுவே
குன்னூர்ப் பனியில் பாதி கரைந்த வரிசை.
எங்கள் டோக்கன் இருபத்தாறு.
"ரேஷன் கடை மாதிரியே இருக்கு,
பையைத்தான் காணோம்" என்றாள் கனகேஸ்வரி.

போனஸ் அவளுடையது.
ஃபேக்டரியில் வருடம் முழுக்கத் தேயிலைத் தூள் சலித்தது.
சம்பளக் கவரைப் பிரித்த அன்றே சொல்லிவிட்டாள்:
"நீ தினம் சுமக்குறது என்ன ருசின்னு
ஒரு நாள் பார்த்துருவோம்."

பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே
கடமைக்குச் சின்னதாய்த் தமிழ்.
தாய் உணவகம்.
"யாரோட தாய்?"
முன்னால் நின்ற பையன் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
நிஜமாகத்தான் கேட்டாள்.

உள்ளே, சூப் முதலில் வந்தது.
இறால் மிதந்தது; எலுமிச்சம்புல் தண்டு குறுக்கே கிடந்தது.
ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி,
"சித்தரத்தைக் கஷாயம்" என்றாள்,
"சளிக்கு நல்லது. இறாலைத்தான் ஏன் போட்டாங்கன்னு தெரியலை."
அடுத்த வாய்க்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
கிண்ணம் தீரும்வரை சொல்லவில்லை.

பிறகு பச்சைக் கறி.
தேங்காய்ப்பாலில் உருண்டை உருண்டையாய்ப் பச்சை முத்துகள்.
"தாய் பேபி கத்தரி, மேடம்" என்றான் புதிதாய்ச் சேர்ந்த சர்வர்,
"இம்போர்ட்டட்."
கனகு என்னைப் பார்த்தாள்.
நான் சோற்றைப் பார்த்தேன்.

பர்லியாறில், ஜெபராஜின் பாக்குத் தோட்டத்து வேலியில்
திங்கள்தோறும் அதிகாலை
முள் கிழிக்கக் கிழிக்க நான் பறித்து,
குட்டி யானையில் ஏற்றி,
நிஜ யானைகள் சாலையைக் கடக்கக் காத்திருந்து,
பதினாலு கொண்டை ஊசியும் வளைத்துக் கொண்டுவந்த
சுண்டைக்காய்.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணமாம்.
சொன்னவன் இந்த மெனுவைப் பார்த்ததில்லை.
சுண்டைக்காய் ஐநூற்றுத் தொண்ணூறு,
வரி தனி.
சுமைகூலி கிலோவுக்கு நாலு ரூபாய்.
அதிலும் ரசீது தொலைந்தால் அடுத்த மாதம்.

மேசைக்கடியில் அவள் கால் என் காலை மிதித்தது.
சிரிக்காதே என்றா, சொல்லாதே என்றா?
இரண்டையும் செய்யாமல் சாப்பிட்டேன்.
கசப்பு வருமென்று நாக்கை இறுக்கிக்கொண்டேன்.
வந்தது. ஆனால்
தேங்காய்ப்பாலுக்குள் குளித்து, தலை சீவி,
வேறு வீட்டுப் பிள்ளைபோல் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்,
யாரோ ஏமாற்றிவிட்டாற்போன்ற குரலில்.

அடுக்களைக் கதவின் வட்டக் கண்ணாடியில்
லால்சாங்காவின் முகம்.
ஐசாலிலிருந்து வந்தவன்;
பாங்காக்கைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.
ஏழாம் மேசைச் சிறுமி அவனோடு படம் எடுக்கவேண்டுமென்றாள்.
வந்து நின்றான். கைகூப்பினான்.
"ஃப்ரம் தாய்லாந்து?" என்றார் அவள் அப்பா.
தலையை ஆட்டினான்:
ஆமாமுக்கும் இல்லைக்கும் பொதுவாய்,
எங்கள் ஊரில் கற்றுக்கொண்ட ஆட்டல்.

அப்போதுதான் என்னைப் பார்த்தான்.
பின்வாசலில் தோளில் தட்டுகிறவன்,
பாதி பீடியை நீட்டுகிறவன்,
இங்கே என்ன செய்வதென்று தெரியாமல்
என் தண்ணீர் கிளாஸை நிரப்பினான்.
நிரம்பியிருந்த கிளாஸ். வழிந்தது.

துடைக்கிற சாக்கில் குனிந்தவன்
காதருகே சொன்னான்:
"அண்ணே, காலி கிரேட் ஆறு கிடக்கு.
போறப்ப எடுத்துருங்க.
நாளைக்கு நார்த்தை இலை கொஞ்சம் கூட வேணும்."

வண்டி இன்று முன்பக்கம் நின்றது,
கார்களோடு காராக.
அதனால் அடுக்களை வழியே பின்வாசல் இறங்கி,
கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தோம்.
எனக்கு நாலு கிரேட். அவளுக்கு இரண்டு,
வாடாமல்லிப் பட்டுப் புடவையை
இடுப்பில் செருகிக்கொண்டு.

பனியில் வரிசை இன்னும் நீண்டிருந்தது.
"கொஞ்சம் வழி" என்றாள் கனகு.
டோக்கன் நாற்பத்தொன்று
விலகி நின்றது.