ஆறட்டும்

கையுறையைக் கழற்றி
எஞ்சின் மேல் வெறுங்கையை வைத்தேன்.
வெதுவெதுப்பு.
பயன்ஹோங்கோரில் அக்டோபர்க் கடைசி,
பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு,
நாயின் தண்ணீர்ச் சட்டி கல்லாகிக் கிடக்க
இது மட்டும்
தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்துப் போல.

"காலையில் கொஞ்சம் ஓட்டினேன்" என்றார் கோம்போ.
எங்கே என்று கேட்கவில்லை.
கூடாரத்தைச் சுற்றி இரவு விழுந்த பனியில்
சக்கரத் தடம் ஒன்றுகூட இல்லை.

நான் கால்நடை மருத்துவரின் உதவியாள்.
பதினொரு வருடமாக
வாயில்லாதவற்றிடம் கேட்டுப் பழகியவள்.
ஒட்டகமானால் வலிக்கிற இடத்தில் கை பட்டதும் சிலிர்த்துக்கொள்ளும்.
இரும்பு சிலிர்ப்பதில்லை.
அதனால் பல்லைப் பார்த்தேன்.
தானமாக வந்த மாட்டைத்தானே பார்க்கக் கூடாது,
இதற்குப் பதினான்கு லட்சம் துக்ரிக் கேட்கிறார்.

பின்சக்கரத்துப் பற்கள்
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, காற்றடித்த புல் மாதிரி.
சங்கிலி மட்டும் புதிது.
பழைய பல்லுக்குப் புதுச் சங்கிலி
மூன்று மாதம் தாங்காது.

மீட்டர் எட்டாயிரத்துச் சொச்சம் என்றது.
கால் வைக்கும் ரப்பர் வேறு சொன்னது,
கோடெல்லாம் அழிந்து, சோப்புக்கட்டி போல.
மீட்டர்தான் பொய் என்று முதலில் நினைத்தேன்.
பிறகு தோன்றியது:
மந்தைக்குப் பின்னால் முதல் கியரில்
நாள் முழுக்க நடை வேகத்தில் போன வண்டிக்குத்
தூரம் ஏது?
நேரம்தான் உண்டு.
அதை எண்ண அதில் முள் இல்லை.

கழுத்தடியில் ஒரு சாண் அளவுக்குக் கறுப்புப் பெயிண்ட் புதுசு.
நகத்தால் சுரண்டினேன்.
பற்றவைத்த தழும்பு.
"ஆற்றைக் கடக்கும்போது..." என்றார். மேலே சொல்லவில்லை.
தையல் நேராக இருந்தது. கை தெரிந்தவன் போட்டது.
ஆனாலும் கழித்துக்கொள்ள ஒன்று.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா?"
"வேண்டாம். ஆறட்டும்."

ஆக்கப் பொறுத்தவள் நான், ஆறவும் பொறுப்பேன்.
உள்ளே உட்கார்ந்தோம்.
செவெல்மா உப்புத் தேநீர் ஊற்றினாள்.
இரண்டு மணி நேரம்.
பேச என்ன இருக்கிறது?
கதவு வழியே பட்டி தெரிந்தது, ஆடில்லாத பட்டி.
போன குளிரில் எத்தனை போயின என்று நான் கேட்கவில்லை.
அந்த எண் என் கையெழுத்தில்
அலுவலகப் பேரேட்டில் இருக்கிறது.

எழுந்துபோய் எண்ணெய்க் கம்பியை உருவி
விரலில் தடவி முகர்ந்தேன்.
கறுப்பு. ஆனால் கருகவில்லை.
விரல் ரேகையில் இரும்புத்தூள் மினுங்கவில்லை.
திரும்பி வந்து இன்னொரு கிண்ணம்.

மூன்றாவது கிண்ணத்தின்போது
செவெல்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:
"ஏழு."

கோம்போ கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"குளிரில் ஏழு உதை வேண்டும்.
அதற்குக் குறைந்து எழுந்ததே இல்லை."

அந்த வீட்டில்
துடைத்து வைக்காத எண் அது ஒன்றுதான்.

எஞ்சின் இப்போது பனிக்கட்டிதான்.
உதைத்தேன். எண்ணினேன், சத்தமாகவே.
நான்கு.
ஐந்து.
ஆறில் இருமியது.
ஏழு.

பின்னால் மெல்லிய நீலப் புகை, கொஞ்ச நேரம்,
பிறகு ஒன்றுமில்லை.
கோம்போ தொப்பியைச் சரிசெய்துகொண்டார்,
தேர்வில் பாஸானவர் போல.

பதினொன்றரைக்கு முடித்தோம்.
பற்சக்கரத்துக்கு ஒன்று, தழும்புக்கு ஒன்று,
ஒளித்து வைத்த சூட்டுக்கு அரை.
அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை,
அவர் கேட்கவும் இல்லை.

டிசம்பரில் ஒரு விடிகாலை,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று,
குறுக்கே கிடந்த கன்றை இழுக்கக் கூப்பிட்டார்கள்.
ஏழு உதைத்தேன். எழவில்லை.
எட்டு.
ஒன்பதில் பிடித்தது.

கூடுதல் இரண்டை
குளிரின் கணக்கில் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.
செவெல்மா சொன்னது
அவள் வீட்டுக் குளிருக்கு.