ஜீரோ கேட் வரிசையில்

எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி நின்று
பதினோரு மணி நேரம்.
முதுகுக்குப் பின்னால் மைனஸ் பதினெட்டில்
இருபத்திரண்டு டன் இறால்.
கண்ணாடிக்கு முன்னால் மார்ச் மாதம்.

செல்போனில் அலாஸ்கா.
இங்கே இரவு இரண்டு,
அங்கே நேற்றின் மதியம் இன்னும் முடியவில்லை.
உறைந்த ஆற்றின் மேல் எண் போட்ட புள்ளிகள்.
ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு ஆள், பதினாலு நாய்.
நான் பார்ப்பது இருபத்தேழு.
பெண். பெயர் வாயில் நுழையாது.
போன வருஷம் கடைசியிலிருந்து நாலாவதாக வந்தாள்,
அதனால் பிடித்துப்போனது.

"பந்தயமாண்ணா? எவ்ளோ கட்டிருக்க?"
கிளீனர் தணிகாசலம்.
"ஒண்ணும் கட்டலடா."
"அப்புறம் இன்னாத்துக்குப் பாக்குற?"
காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டுக் காற்று வந்தது.
நான் கண்ணாடியை ஏற்றவில்லை.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.
முன்னால் ஓடும் நாய்க்குக் கடிவாளம் கிடையாது.
ஜீ என்றால் வலம், ஹா என்றால் இடம்,
மீதி அதன் புத்தி.
வண்டியை ஒட்டி ஓடும் கடைசி ஜோடிதான்
திருப்பத்தில் மொத்தப் பாரத்தையும் வாங்கும்.
நாலு காலுக்கும் துணிச் செருப்பு உண்டு.
வழியில் ஓரிடத்தில் வைக்கோல் பரப்பி
இருபத்துநாலு மணி நேரம் நின்றே ஆகவேண்டும்.
டாக்டர் வந்து ஒவ்வொரு பாதத்தையும் விரித்துப் பார்ப்பார்.
இதைப் படித்த அன்று மாதவரம் பஞ்சர் கடை பெஞ்சில்
உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.
அதற்கு முந்தின தூக்கம்
எந்த ஊரில் என்று ஞாபகம் இல்லை.

அந்த ஜாதி நாயை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன்.
வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு,
ஆடி தள்ளுபடிக் கூட்டம்.
ஜவுளிக்கடைக் கதவு திறக்கும்போதெல்லாம்
கசியும் குளிரில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது,
ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு.
சங்கிலி பிடித்திருந்த பையன்
யாருக்காகவோ காத்திருந்தான்.
கதவு மூடும். அது கண்ணை மூடும்.

என் கண்டெய்னருக்கு அடியிலும் அப்படித்தான்.
மெஷின் சொட்டும் தண்ணீரில் ஆறு தெருநாய்.
பொறை போட்டுப் பழக்கியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.
பின்டயர் ஓரம் படுப்பதற்கு வீல் என்று பெயர்.
இடது முன்கால் வெடித்திருந்தது.
மஞ்சள் தடவி என் சாக்ஸை மாட்டிவிட்டேன்.
கேவலமாக ஒரு பார்வை பார்த்தது.

மூன்று மணியிலிருந்து இருபத்தேழு நகரவில்லை.
ஊர் இல்லாத இடம், ஆற்று வளைவு.
அடுப்பு மூட்டியிருப்பாள், பனியை உருக்கிக்
கஞ்சி வைத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன்.
நாலரைக்கு நகர்ந்தது.
வந்த வழியே, பின்னால்.
கீழே ஒரு வரி வந்தது:
ஒரு நாய் சாப்பிடவில்லை,
வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறாள்.

அதே நேரம் பார்த்து நம்ம வரிசை அசைந்தது.
பின்னால் பத்து ஹாரன்.
இறங்கி டார்ச் அடித்து எண்ணினேன், ஐந்துதான் வெளியே வந்தது.
தணிகாசலம் அடியில் தவழ்ந்தான்,
அம்மா அப்பா எல்லோரையும் இழுத்துத் திட்டினான்.
இடதுபக்கம் ஒருவன் நுழைந்தான், இன்னொருவன், மூன்றாவது,
நாலாவது வண்டிக்காரன் கையாட்டிவிட்டே போனான்.
வீல் வந்தது, அவசரமில்லாமல்,
சாக்ஸை வாயில் கவ்விக்கொண்டு.

ஏறி உட்கார்ந்தோம்.
"உன் ஆளு இன்னா ஆச்சு?"
"திரும்பிடுச்சு."
"தோத்துட்டாளா?"

கிளட்சை மிதித்தேன்.
சைடு கண்ணாடியில் ஆறும் ஓடி வந்தன,
ஒன்று மூன்று காலில்.
மணலி பக்கம் வானம் புகையோடு வெளுத்தது.
இரண்டு வண்டி நீளம் போய் மறுபடி நின்றோம்.
அவை அடியில் போய்ப் படுக்கும்வரை
எஞ்சினை அணைக்கவில்லை.