இறக்கத்தில் சேர்த்தது

மொனாக்கோவில் பஸ் ஓட்டுகிறேன்.
சூதாட்ட மாளிகை தாண்டி இறங்கும்போது
பிரேக்கை மிதித்தால் முள் பச்சைக்குச் சாயும்:
வண்டி தன் வேகத்தைத் தானே தின்று
பாட்டரியில் போட்டுக்கொள்கிறது.

ஞாயிறன்று என் சாலையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
கம்பிவேலிக்குப் பின்னால் நின்றேன்,
காதில் பஞ்சு, கையில் ஆறிப்போன கடலைமாவு அடை.
நான் பதினைந்தில் திரும்பும் கொண்டை ஊசி வளைவில்
அவர்களும் ஏறக்குறைய நடக்கத்தான் செய்கிறார்கள்!
பின்விளக்கு சிவப்பாய்ச் சிமிட்டினால்
சேர்க்கிறான் என்று அர்த்தம்.
சேர்த்து? செலவழிக்கத் தெரு எங்கே.
சுரங்கப்பாதை ஒன்றுதான்; அதுவும் ஒரு மூச்சு.

முப்பது சுற்று, ஒரு நீலக் கார்
வளைவு வளைவாய்ச் சில்லறை பொறுக்கி
சுரங்கத்தில் மொத்தத்தையும் கொட்டியது,
முந்த அல்ல,
பின்னால் வந்த மஞ்சளை முந்தவிடாமல்.
ஒன்பதாம் இடம்.
அவன் ஆட்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வேலி கழற்றிய பிறகு முதல் நடை.
தாரில் ரப்பர் கருப்பு இன்னும் போகவில்லை.
மதாம் ஃபொர்னாரி, டயாலிசிஸ் நாள்,
முன் சீட்டில் கண்ணை மூடியிருந்தாள்.
மெதுவாக மிதித்தேன். பச்சை.
மருத்துவமனை மேட்டில்
ஒரு குலுக்கலில்லாமல் ஏறினோம்.